ஈசானி மூலைக்கு உருளும் பந்து

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, சற்று முன்பு வரை புன்னகையோடும், என் பெயரை மைக்கில் கேட்ட பிறகு புன்னகை இல்லாமலும் வீற்றிருக்கும் கல்லூரித் தாளாளர், உயர்திரு ரகுநாத் ஐயா அவர்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துக்கொண்ட முன்னாள் மாணவப் பெருமக்களே! மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில் வெந்துகொண்டிருக்கும் இந்நாள் மாணவச் செல்வங்களே! பெற்ற பெண் பரிசு வாங்குவதைப் பார்க்க வந்து, என் பேச்சில் மாட்டிக்கொண்ட தாய்மார்களே! தலைக்கு மேலே தகரக் கூரையில் குடியிருந்து, ஏழை பணக்காரன் பாராமல் எல்லோர் சட்டையிலும் முத்திரை பதிக்கும் புறாக்களே! உங்கள் அத்தனை பேருக்கும், கீரமங்கலம் பூக்கடை ரத்தினவேலின் மல்லிகை மணக்கும் வணக்கம்!

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் நான் தோள் துண்டையே சரிசெய்து முடிக்க மாட்டேன். ஆனாலும் முயற்சி செய்கிறேன்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? இந்தக் கூடைப்பந்து அரங்கத்தை வரும் திங்கட்கிழமை இடிக்கப் போகிறார்கள். அதற்கு ஒரு வழியனுப்பு விழா. இடிப்பதற்கும் விழா, கட்டுவதற்கும் விழா, நடுவில் ஆடுவதற்கு மட்டும் இடம் இல்லை! கைதட்டாதீர்கள், தாளாளர் ஐயா பார்க்கிறார்.

நண்பர்களே! இது அரங்கமா? இல்லை, இது ஆயிரம் கால்கள் ஆடிய அம்பலம்! இது தகரக் கொட்டகையா? இல்லை, தமிழ்நாட்டுக் கூடைப்பந்தின் தாய்வீடு! இங்கே ஒரு பந்தைத் தரையில் தட்டினால், கூரைத் தகரம் அதற்குப் பதில் பாடும். குடுமியான்மலையில் கல்லிலே சங்கீதம் வெட்டி வைத்திருக்கிறார்களே, அதைப் படிக்க வந்த ஒரு பெரிய வித்வான், நாங்கள் பயிற்சி எடுக்கும் சத்தத்தை ரோட்டிலிருந்து கேட்டுவிட்டு, "இந்த ராகம் அங்கே விட்டுப் போயிருக்கிறதே!" என்று கண்கலங்கினார். யார் அந்த வித்வான் என்று கேட்கிறீர்களா? கண்கலங்கி நிற்பவரிடம் பெயர் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அப்போது நான் பி.ஏ. வரலாறு. இரண்டு வருடம் படித்தேன். மூன்றாம் வருடம் நான் போகவில்லை என்று கல்லூரி சொல்கிறது. என்னைத் தாங்குகிற தகுதி அந்த மூன்றாம் வருடத்துக்கு இல்லை என்று நான் சொல்கிறேன். ஆனால் வகுப்புக்குப் போகாத நாள் உண்டு, இந்த அரங்கத்துக்கு வராத நாள் உண்டா? அணியின் ஆணிவேர் யார்? எதிரிகளின் எமன் யார்? இந்த ரத்தினவேல்தானே...

முன்வரிசையில் என்ன சத்தம்? ஓ, ஆவூர் லூர்துநாதன். எங்கள் அணித் தலைவர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் குரல் ஓயவில்லை. மைக் இல்லாதவர் சொல்வதை நானே சொல்லிவிடுகிறேன். "யோவ், பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா? ரெண்டு சீசனும் நீ பெஞ்சுலதானய்யா ஒக்காந்திருந்த!" என்கிறார்.

ஆமாம் லூர்து! உட்கார்ந்திருந்தேன்! ஏன் உட்கார்ந்திருந்தேன்? நான் எழுந்தால் அந்த பெஞ்சு என்ன ஆகும்? ஈசானி மூலைக்கு நகர்ந்து போயிருக்கும்! அதைப் பிடித்து நிறுத்தியவன் நான்!

பார்த்தீர்களா, பழையவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். புதியவர்கள் முழிக்கிறார்கள். தாளாளர் ஐயாவும் முழிக்கிறார். அந்த ரகசியத்தை உடைக்கத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

இந்தத் தரையைப் போட்டவர் சின்னையா கொத்தனார். கீரனூர்ப் பக்கத்தில் வீடு கட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் வீட்டைத் தவிர வேறெதையும் அவர் கட்டியதில்லை. எங்கள் பி.டி. மாஸ்டர் அவரிடம் சொல்கிறார்: "கொத்தனாரே, தரை சாப்பாட்டுத் தட்டு கணக்கா மட்டமா இருக்கணும்."

"வாட்டம் எங்கிட்டு வைக்கிறதுங்க சார்?"

"வாட்டமே வேணாம்யா."

"அதெப்புடிங்க? நாளைக்குக் கழுவி விட்டா தண்ணி எங்கிட்டுப் போகும்?"

"பந்தடிக்கிற எடத்த எவன்யா கழுவப் போறான்?"

"அப்ப கழுவாமயே வச்சிருப்பீங்களா? பாத்தா படிச்ச மனுசரா தெரியிறீங்க!"

கொத்தனார் தலையாட்டிவிட்டுப் போய், தன் மனசாட்சிப்படி தரையைப் போட்டார். வீட்டுக்கு எப்படியோ அப்படி. வடகிழக்கில், ஈசானி மூலையில் பள்ளம். மற்ற மூன்று மூலையும் மேடு. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பந்தைக் கீழே வைத்தால், பெற்ற தாயைப் பார்த்த கன்று மாதிரி அது நேரே ஈசானி மூலைக்குப் போகும். மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் நாங்கள் வாளி தேடியதில்லை. தண்ணீர் தானாகவே வழி கேட்டு வெளியே போய்விடும்.

இதில் இன்னொரு விசேஷம். வடக்குப் பக்கத்து வளையத்தை மாட்டும்போது, தெற்குத் தரையின் மட்டத்தை வைத்து அளந்துவிட்டார்கள். தரை இறங்கிவிட்டது, வளையம் இறங்கவில்லை. ஆகவே வடக்கு வளையம் நாலு விரல் உயரம் கூட! எங்களுக்கு அது பழக்கம். வெளியூர்க்காரன் அங்கே போட்டால், பந்து வளையத்தின் முன்விளிம்பில் முட்டிக்கொண்டு திரும்பி வரும். அதனால்தான் இந்த அரங்கத்தில் எங்களை யாராலும் ஜெயிக்க முடிந்ததில்லை. வெளியூர் போனால் மட்டும் தோற்போம். அங்கெல்லாம் தரை மட்டமாக இருந்து தொலைக்கும்!

தம்பி விக்ரம் ஒரு சீட்டு கொண்டுவந்து நீட்டுகிறார். இவர்தான் விழாத் தொகுப்பாளர், ஆங்கிலத் துறை. "உரையை நிறைவு செய்யவும்." நல்ல கையெழுத்து தம்பி. பையில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது தாளாளர் ஐயாவின் கதைக்கு வருகிறேன். ஐயா நெளிகிறார். எண்பதுகளின் கடைசியில், கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டி. எதிரே திருச்சி அணி. அந்த அணியில் ஒரு நெட்டைப் பையன். ஃப்ரீ த்ரோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவான், தவறியதே இல்லை என்று பேர். யார் அந்தப் பையன்? இதோ, பொன்னாடை போர்த்தி உட்கார்ந்திருக்கிறாரே, இவரேதான்! ஆட்டம் முடியப் போகிறது. அவர்கள் ஒரு புள்ளி பின்னால். இவர் கையில் இரண்டு ஃப்ரீ த்ரோ. வளையம்? வடக்கு வளையம்!

முதல் பந்து. டங்! முன்விளிம்பு. இரண்டாவது பந்து. டங்! அதே விளிம்பு. நாங்கள் லூர்துநாதனைத் தோளில் தூக்கினோம். திருச்சிப் பையன் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினான். அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொடவே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

அவரே இன்று நமக்குத் தாளாளர். பதவிக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது, இன்றுதான் இந்த அரங்கத்துக்குள் காலடி வைக்கிறார். உள்ளே வந்து பார்க்காமலே இடிக்கக் கையெழுத்து! கூரை துருப்பிடித்துவிட்டது என்கிறார். ஐயா, துருப்பிடித்தது கூரையா, உங்கள் மனசா?

உட்காருங்கள், உட்காருங்கள், ஐயா கோபப்படவில்லை. எழுந்து என் பக்கத்தில் வந்து ஏதோ கேட்கிறார். மைக்கை நடுவில் வைக்கிறேன்.

"ரத்தினவேல், நெசமாத்தான் சொல்றீங்களா? தரையா?"

தரைதான் ஐயா. கொத்தனார் போட்ட வாட்டம்.

"இத்தன வருசமா என் கைன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

கேட்டீர்களா சபையோரே? நம்பிக்கை இல்லாவிட்டால் இதோ, பந்து. நடுவில் வழிவிடுங்கள். நாற்காலியை இங்கிட்டு இழுங்க தம்பி. வைக்கிறேன். ஊதவில்லை, உதைக்கவில்லை, மந்திரம் போடவில்லை. பாருங்கள், புறப்பட்டுவிட்டது! போகிறது, போகிறது... அழகம்மாள் அக்கா, காலை எடுங்க! போய்ச் சேர்ந்துவிட்டது ஈசானி மூலைக்கு.

அந்த மூலையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நம் பெண்கள் அணி! பந்தைக் கையில் எடுத்து வைத்திருப்பது ஷெரின், இவர்களுடைய கேப்டன். லூர்துநாதனின் மகள், ஆனால் நன்றாக ஆடுவாள். அடுத்த மாதம் இவர்களுக்கு மண்டலப் போட்டி. திங்கட்கிழமை இதை இடித்துவிட்டால் எங்கே போய்ப் பயிற்சி எடுப்பார்கள்? புது அரங்கத்துக்கு இன்னும் கோடு கூடப் போடவில்லை. "திருச்சிக்குப் போய் ஆடட்டும்" என்று ஆபீஸில் சொன்னார்களாம். சுலபமாகச் சொல்லிவிட்டார்கள்! காவ்யா எழுந்திரும்மா. இந்தப் பெண்ணின் அம்மாதான், இப்போது காலை எடுத்தார்களே, அந்த அழகம்மாள் அக்கா. என் கடைக்குப் பூ கொண்டுவருகிறவர்கள். நேற்று என்னிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? "காலேசுக்குள்ள ஆடுனா ஆடட்டும் தம்பி. திருச்சிக்குப் போயிட்டு, பொழுது சாஞ்சு கீரனூர்ல பஸ் மாறி வரணும்னா, அவுக அப்பா ஆட்டமே வேணாம்னு நிறுத்திப்புடுவாக. அவ சோறு திங்காமக் கெடக்கா." ஒரு காவ்யா மட்டுமா? இந்த அணியில் பாதி வீட்டில் இதே பேச்சுதான். இடியப் போவது சுவரா? இல்லை! தகரமா? இல்லை! ஓர் அணி இடியப் போகிறது ஐயா, ஓர் அணி!

ஆகவே ஒரு பந்தயம். ஐயா, அன்றைக்குத் தவறிய அந்த ஃப்ரீ த்ரோவை இப்போது போடுங்கள். அதே வடக்கு வளையம். விழுந்தால் திங்கட்கிழமையே இடித்துக்கொள்ளுங்கள், கடப்பாரையை நானே எடுத்துத் தருகிறேன். விழவில்லையென்றால், புது அரங்கத்தில் வளையம் மாட்டும் வரை இது நிற்கட்டும். சம்மதமா? சம்மதமாம்! பொன்னாடையைக் கழற்றுகிறார்! சட்டைக் கையை மடிக்கிறார்! விக்ரம் தம்பி, இன்னொரு சீட்டா? அதையும் பையில் போடுங்கள்.

கோட்டில் நிற்கிறார். ஷெரின் பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கொடுத்துவிட்டு வந்துவிடு தாயி. ஏன் நிற்கிறாய்? என்ன சொல்கிறாள் அவள்?

"சார், எப்பவும் போடுற மாதிரி போடாதீங்க. முட்டிய நல்லா மடிச்சு, கொஞ்சம் மேல தூக்கி விடுங்க."

அடியே ஷெரின்! நீ யார் பக்கம்?

"பந்து பக்கம் மாமா. அது வளையத்துக்கு எட்டாமக் கொறையா வுளுந்தா எனக்குப் பாக்கப் புடிக்காது."

கெட்டது குடி! லூர்து, என்ன பிள்ளை பெற்று வைத்திருக்கிறாய்? எதிரிக்கு வழிசொல்கிறாள்! சரி, அமைதி. தாய்மார்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். புறாக்களே, அடக்கிக்கொள்ளுங்கள். முட்டியை மடிக்கிறார்... தூக்குகிறார்... விட்டார்!

விழுந்தது. வளையத்தில் உரசாமல் விழுந்தது.

யாரும் கைதட்டவில்லை. ஏன் கைதட்டவில்லை? தட்டுங்கள்! நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான பாரம் ஒரு மனிதனின் கையிலிருந்து இறங்கியிருக்கிறது, தட்டமாட்டீர்களா? ஷெரின் தட்டுகிறாள் பாருங்கள், முதல் ஆளாக. கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டுகிறாள்.

பந்தயத்தில் தோற்றது நான். ரத்தினவேல் வாக்கு மாறமாட்டான். கடப்பாரை எங்கே... ஐயா, என்ன அங்கேயே நிற்கிறீர்கள்? மேடைக்கு வரலாமே. என்ன கேட்கிறார்?

"அந்தப் பந்த இன்னொருக்கா குடும்மா. ரெண்டாவது ஒண்ணு இருக்குல்ல?"

ஆகா! அன்றைக்குத் தவறியது இரண்டல்லவா! போடுங்கள் ஐயா, தாராளமாகப் போடுங்கள்! இன்றைக்குப் போடுங்கள், நாளைக்கும் போடுங்கள். செவ்வாய்க்கிழமை கைக்கு மறுபடி ஆசை வந்தால் எங்கே போய்ப் போடுவீர்கள்? இந்த நாலு விரல் உயரத்தை எந்த என்ஜினீயர் உங்களுக்குக் கட்டித் தருவான்? மட்டமான தரையில் யார் வேண்டுமானாலும் போடலாமே!

சிரிக்கிறார்! மைக்கில் என் பெயரைக் கேட்டதிலிருந்து இல்லாத சிரிப்பு! கையை இப்படி அசைக்கிறார். அதற்கு என்ன அர்த்தம்? வாயால் சொல்லுங்கள் ஐயா, இவ்வளவு பேர் சாட்சி.

"இடிக்கல. புதுசு வர்ற வரைக்கும் இடிக்கல. நகருங்கய்யா, நான் போடணும்."

இப்போது தட்டுங்கள்! அழகம்மாள் அக்கா, வீட்டுக்காரருக்கு இப்போதே போன் போடுங்க! காவ்யா, இன்றைக்காவது சோறு தின்னு தாயி!

வளையத்துக்கு இறுதி மரியாதை செய்யலாம் என்று, அதன் சுற்றளவுக்குச் சரியாக ஒரு சம்பங்கி மாலை கட்டிக் கொண்டுவந்தேன். வளையம் பிழைத்துக்கொண்டது. ஆகவே மாலையைத் தாளாளர் ஐயா கழுத்தில் போடுகிறேன். கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பந்து விழுகிற அளவுக்குக் கட்டியது அது.

எனக்குத் தந்த ஐந்து நிமிடத்தை இவ்வளவு நீளமாக்கிய உங்கள் பொறுமைக்கும், என் பையில் கனக்கும் சீட்டுகளை எழுதிய தம்பி விக்ரமுக்கும், பள்ளம் வைத்துப் போன சின்னையா கொத்தனாரின் மனசாட்சிக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். ஐயா இரண்டாவது பந்தைத் தூக்கிவிட்டார். விழுந்தாலும் விழாவிட்டாலும் அது அங்கிட்டுத்தான் உருண்டு வரும். ஈசானி மூலையில் இருப்பவர்கள் காலைத் தூக்கிக்கொள்ளுங்கள். வணக்கம்!