நியூசிலாந்துக்காரனுக்கு வெள்ளைக் கோழி

இல்ல ஷாலு, சேலையெல்லாம் பிறகு பாக்கலாம். முதல்ல அந்தக் கூணை எடு. அய்யோ, வெள்ளத்துல ஊறப் போட்டுட்டியாட்டி? அது பஞ்சு மாதிரி குடிச்சிரும். காளானை ஈரத்துணி வச்சு தொடச்சா போதும்னு போன் வீடியோவுல அந்த வெள்ளக்காரி நாலு தடவ சொன்னாளே. முப்பத்துநாலு வயசாச்சு, ஒரு கூணு தொடைக்கத் தெரியல்ல. சரி, எடுத்துத் துணியில பரப்பு.

மாப்பிள்ளப் பையன் ஜிபினுக்கு இது உயிராக்கும்னு கல்யாணத் தரகு புஷ்பபாய் சொன்னா. நியூசிலாந்துல எட்டு வருஷமா இதத்தான் தின்னுட்டு கிடக்கானாம். கோழியும் கூணும் ஒரே சட்டியில, வெள்ளை வெள்ளையா. ஆறு மணிக்கு அவனும் அம்மையும் வருவினும். பொண்ணைக் கண்டுட்டு இஞ்சயே சாப்பிட்டுட்டுப் போவினும்.

மஞ்சப்பொடியா? கைய எடுட்டி! வெளுப்பா இருக்கணும்னு இப்பத்தானே சொன்னேன்? உப்பும் நல்லமிளகும் மட்டும் போதும். வெண்ணெயில ரெண்டு பக்கமும் செவக்கட்டு. கோழித்துண்டு எல்லாத்தையும் ஒண்ணா சட்டியில சாடாதே, வெள்ளம் விட்டு அவிஞ்சு போவும். நாலு நாலு துண்டா வை. கொள்ளாம். உனக்குக் கைப்பக்குவம் உண்டு, நான் இல்லேன்னு சொல்லல்ல. கர்த்தர் முகத்துல குடுக்காதத கையில குடுத்திருக்காரு.

கிரீமா? எஞ்ச கிடைக்கும்? உன் அப்பா பாறசாலை ஜங்ஷன்ல மூணு கடை கேறி இறங்கியாச்சு. ஒருத்தன் மூஞ்சியில தேய்க்கிற கிரீமை எடுத்து நீட்டினானாம். அதயும் வாங்கியிருக்கலாம், வீட்டுல ஆள் உண்டுல்லா.

தேங்காப்பால் வேண்டாம். அத விட்டா இஸ்டூ ஆயிரும், அந்த அம்மைக்காரி கண்டதும் சிரிப்பா. வெண்ணெயில மைதாவ வறுத்துப் பால விடு. கட்டி விழாம கிண்டு. அந்தக் கிண்ணத்துல பாலாடை எடுத்து வச்சிருக்கேன், அதயும் சேரு. ஆங், அப்படியாக்கும்.

எதுக்கு இந்த அவசரம், பால் சிந்துது பாரு. போன தடவ அதியன்னூர்க்காரன் பொண்ணு காண வந்தப்பயும் இப்படித்தான், கப்புல இருந்த டீயத் தட்டுல சிந்தின. அவன் கப்பையும் பாக்கல்ல, உன்னையும் பாக்கல்ல, சுவத்துல கடிகாரத்தப் பாத்துட்டு இருந்தான். அதுக்கு முந்தி வந்த பூவார்க்காரன், வாசல்ல நின்ன ஜெஸ்னாவக் கண்டுட்டு, தங்கச்சிக்கு என்ன வயசுன்னு கேட்டான்.

ஜெஸ்னாவா? பியூட்டி பார்லருக்குப் போயிருக்கா. வருவா. நீ சட்டியப் பாரு.

கண்ணக் கசக்காதே. உன்னக் குத்தம் சொல்லல்ல பிள்ளே. ஏழு பேரு வந்து போனினும், ஒருத்தனும் திரும்ப விளிக்கல்ல. ஞாயித்துக்கிழமை சபையில இருந்து வெளிய வந்தா ஒவ்வொருத்தியும் கேக்கா, மூத்தவளுக்கு இன்னும் ஒண்ணும் ஆகல்லியான்னு. முட்டுக்குத்தி ஜெபம் பண்ணினாக்கூட அதுதான் காதுல கேக்குது. தூக்கம் போயாச்சு, பிரஷர் கூடியாச்சு, எல்லாம் ஆரால?

கூணை வதக்கிட்டியா? கோழியத் திரும்ப இடு. தீயக் குறை. மணம் பாத்தியா! இதத் தின்னா அவன் சம்மதிக்காமப் போவமாட்டான்.

அடுப்ப அணைச்சிரு. எஞ்ச ஓடுத, குளிக்கவா? நில்லு. குளிக்கதெல்லாம் சித்தி வீட்டுல போய்க் குளி. ஆமா, ஒற்றசேகரமங்கலத்துக்குத்தான். பின்வாசல்ல ஆட்டோ நிக்குது, உன் துணியெல்லாம் பையில வச்சிட்டேன்.

ஜெஸ்னாவக் காணத்தான் அவிய வாறினும். புஷ்பபாய்க்கிட்ட அவ போட்டோதான் குடுத்தது, ரெண்டு மாசமாச்சு. முந்தியே சொல்லியிருந்தா நீ கட்டில்ல கவுந்து கிடப்ப, கோழி ஆரு வைப்பா? மூத்தவ ஒருத்தி வீட்டுல இருக்கான்னு கண்டா, இந்தக் குடும்பத்துல என்ன கொறைன்னு கேப்பினும். அதனால எங்களுக்கு ஒரு பொண்ணுதான்னு சொல்லியாச்சு. அவிய மார்த்தாண்டம் பக்கம், இஞ்ச ஆரையும் அறியாது. சபையில மூணு ஞாயிறு கல்யாண அறிவிப்பு வாசிச்சு முடியட்டு, பிறகு நீ வரலாம். மூணு தடவ வாசிச்ச பிறகு பின்வாங்கினா அவியளுக்குத்தான் நாணக்கேடு.

என்ன அப்படிப் பாக்க? போகும்போ ஒரு துளி நாக்குல வச்சு உப்புப் பாத்துச் சொல்லீட்டுப் போ பிள்ளே. எனக்கு இண்ணைக்கு நாக்குல ஒண்ணுமே உறைக்கல்ல.