சோப்பு டப்பா சார்ஜர்

விடிவதற்கு முன்னால், நாலே முக்கால் மணி. குவாரிப் பாதை. மனுஷ வாடையே இல்லை. ஒருத்தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறான். டிபன் பையில் சாப்பாடு இல்லை... ஒரு சோப்பு டப்பா.

நம்ம கம்பி கட்டுகிற ஆள் இருக்கிறானே, அவனுடைய மச்சான்தான். வெல்டர். அவன் சொன்னது இது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அது சும்மா டப்பா இல்லை. சார்ஜர். அவன் பொண்டாட்டியின் முதல் புருஷன் கையாலே செய்தது. அந்த ஆள் பம்பு ஆபரேட்டர். செத்து மூணு வருஷம். பழைய லேப்டாப்பிலிருந்து பிடுங்கிய ரெண்டு பேட்டரி, கூரை மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சோலார் தகடு. கரண்ட் வராத வீடு, பாருங்க. காலையில் போனைச் செருகினால் சாயங்காலத்துக்குள் பாதி ஏறும். ஆமை. ஆனால் ஒரு நாள்கூட ஏமாற்றியதில்லை.

"அவரு செஞ்சது," என்பாள். அதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது. அந்த வீட்டில் 'அவரு' என்றால் ஒரே ஆள். அது இவன் இல்லை.

வயிறு எரிந்தது இவனுக்கு. உயிரோடு இருக்கிறவன் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். செத்தவனுக்கு ஏது சட்டை?

நானும் ஒன்று செய்கிறேன் பார் என்று கிளம்பினான். ரிப்பேர் கடைக்காரன் சாமான்களை எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணே, இதுல பாதிக் காசுக்கு ரெடிமேடே கிடைக்கும். எதுக்கு இந்தக் கூத்து?"

"வாங்கினா அது உன் சார்ஜர்டா. நான் செஞ்சதா இருக்கணும்."

"அண்ணிகிட்ட பேரு வாங்கணும்... அப்படிச் சொல்லுங்க!"

பட்டறையில் உட்கார்ந்து செய்தான். இரும்புக் கேட்டு ஒட்டுகிற கை. சால்டர் வைத்தால் ஈயம் கோலிக்குண்டு மாதிரி உருண்டு நின்றது. தகடும் பெரிசு, பேட்டரியும் பெரிசு. ஆசையாகத்தான் அவளும் செருகினாள். பத்தே நிமிஷம். போன் இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். அவள் போனைப் பிடுங்கி, சோப்பு டப்பாவில் செருகினாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

அதற்குத்தான் அந்த விடியற்காலை நடை.

குவாரிக் குழி நிறையத் தண்ணீர். டப்பாவை ஓங்கி வீசினான். காதைக் கொடுத்து நின்றான்... சத்தமே இல்லை. ஒரு கல்லை எடுத்துப் போட்டான். 'ப்ளக்'. கல் விழுந்தால் கேட்கிறது. டப்பா விழுந்தது மட்டும் கேட்கவில்லை.

திரும்பிப் பார்க்காமல் வேலைக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் வரும்போதே பொய் தயார். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று சொல்லலாம். அவள் கேட்கவே இல்லை. வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏங்க, உங்க சார்ஜர் பெட்டி இன்னிக்குச் சூடே ஆகல. மெதுவா, பதமா ஏறுது. கை வந்துடுச்சே உங்களுக்கு!"

கல்யாணம் கட்டி எட்டு மாசத்தில் முதல் பாராட்டு. தலைகால் புரியவில்லை. ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவும்போதுதான் உறைத்தது... நான் அந்தப் பெட்டியைத் தொடவே இல்லையே?

அவள் தூங்கட்டும் என்று காத்திருந்தான். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மூடியைக் கழற்றினான்.

உள்ளே அவன் வைத்த சால்டர் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு முனையிலும் கடுகளவு ஈயம். வயர்களை நேராக இழுத்து, நூலால் கட்டியிருந்தது. குனிந்து மோந்தான். சால்டர் புகை வாசனை... புதுசு. விரலை வைத்தான்.

சுரீரென்று சுட்டது. ஈயம் இளகி விரலில் ஒட்டிக்கொண்டது. கரண்டே இல்லாத வீட்டில்.

அவளை எழுப்பத்தான் வாயைத் திறந்தான். எழுப்பி என்ன சொல்வது? இது நான் செஞ்சது இல்லை என்றா? கிடைத்த ஒரே பாராட்டு, அதுவும் அந்த ஆளுக்கே போய்விடுமே! அந்த நேரத்திலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. சத்தம் வராமல் மூடியை மாட்டினான். திரும்பினான்.

தூக்கத்திலேயே அவள் சுவர் பக்கம் நகர்ந்தாள். அவன் படுக்க இடம் விட்டாள்.

அப்புறம்... இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். இன்னொரு ஆள் படுக்கிற அளவுக்கு.