முட்டுக் கொடுக்காத தளம்

என் பெயர் அன்தெல்ம் ரூவேர். வயது முப்பத்து நான்கு. தச்சுத் தொழில். பாரிஸில் தோல் பதனிடுவோர் தெருவில், மூன்றாம் மாடியில், மனைவி ஷனெத்துடன் குடியிருக்கிறேன். வெர்னான்கூர் பிரபுவின் சட்டையைக் கிழித்து மாறுவேட நடன விருந்தைக் குலைத்ததாக என்மேல் புகார்.

பதினோரு வருடமாக இசை நாடக அரங்கின் அடித்தளத்தில், தளம் தூக்கும் கயிற்று உருளையைச் சுற்றுகிறேன். இசை நாடகம் முடிந்ததும், பார்வையாளர்கள் நிற்கும் பள்ளத்தின் தளத்தைப் பன்னிரண்டு பேர் கயிறு சுற்றி மேடை உயரத்துக்கு ஏற்றுவோம். இரண்டும் சேர்ந்து ஒரே நடனக் கூடமாகும். அதன் பிறகு ஒருவன் அடியில் ஊர்ந்துபோய் எட்டுக் கட்டைகளால் முட்டுக் கொடுப்பான். எட்டும் நின்ற பிறகு மணி அடிப்போம். மணிக்கு முன் யாரும் தளத்தில் ஏறக் கூடாது.

திங்கட்கிழமை ஊர்ந்து போனவன் என் மனைவியின் தம்பி கோலா.

"மச்சான், உருளையில சாஞ்சு தூங்கிராதீங்க."

"கட்டைய ஒழுங்கா வை மாப்ள. உங்க அக்காகிட்ட யாரு திட்டு வாங்குறது?"

அவன் மூன்றாவது கட்டையை வைக்கும்போது தலைக்குமேல் காலடிகள் கேட்டன, வயலின்களும் தொடங்கின. முதல் நடனம் தன்னுடையது என்று பிரபு பந்தயம் கட்டியிருந்தாராம்; மணிக்குக் காத்திருக்காமல் விருந்தாளிகளோடு ஏறிவிட்டார். அந்தப் பாரத்தில் உருளை எதிர்ப்பக்கம் சுழன்று, அதன் கழிகள் எங்கள் நெஞ்சைப் பின்னால் தள்ளின. தளம் ஒரு சாண் இறங்கியதில் கோலாவின் கால் விட்டத்துக்கு அடியில் சிக்கியது. கத்தினோம். இசையில் யாருக்கும் கேட்கவில்லை. மற்றவர்கள் உருளையைப் பிடித்துக்கொள்ள, நான் ஏணியேறி ஓடினேன்.

அந்தக் கூடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாடகம் என்றால் எனக்குத் தலைக்குமேல் கேட்கும் காலடிதான். மெழுகுவர்த்திகள் எத்தனை நூறு என்று தெரியவில்லை. சுவரெல்லாம் கண்ணாடி, கண்ணாடிக்குள்ளும் சுடர்கள். நாடகத்தில் கடல் தேவதைகளாக ஆடிய பெண்கள் வெள்ளிச் செதில் உடையோடு விருந்தாளிகளுக்கு நடுவே சுழன்றார்கள். நான் இழைத்த பலகைமேல் அவர்கள் பாதம் பட்டதாகவே தெரியவில்லை. நான் நின்றேன். புகாரில் இது இல்லை. எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நடனச் சுற்று முடியும்வரை வாய் திறந்து நின்றேன்.

முகமூடி அணிந்த ஒரு சீமாட்டி, "கூலிக்காரன் வேஷம் தத்ரூபமா இருக்கே, நாத்தம்கூட வருது பாருங்க," என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். அதன் பிறகுதான் எனக்கு உணர்வு வந்தது. நடுவில் ஆடிக்கொண்டிருந்த பிரபுவின் கையைப் பிடித்தேன்.

"கீழ ஆள் மாட்டியிருக்கான் ஐயா. எல்லாரையும் எறங்கச் சொல்லுங்க."

"விடுடா. இன்னும் ரெண்டு சுத்து பாக்கி."

இழுத்தேன். சட்டைக் கை கிழிந்தது. அது உண்மை. அதன் பிறகே தளம் காலியானது.

கோலாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நேற்று மருத்துவமனையில், "மேல அப்படி என்னதான் இருக்கு மச்சான்?" என்று கேட்டான். சுடர்கள், கண்ணாடி, வெள்ளிச் செதில் எல்லாம் சொன்னேன். வலியை மறந்து கேட்டான். இன்னும் சொல்லுங்க என்றான். நான் நின்றதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது, மாற்ற எதுவும் இல்லை. எழுதத் தெரியாததால், பலகையில் போடும் என் தச்சுக் குறியை இங்கே போட்டிருக்கிறேன்.