கஜக்கோல் சத்தம்

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவனுக்கு முதலில் வீங்குவது கால்தான், ஐயா. எனக்கும் வீங்கியது, பிறகு பழகிவிட்டது. சோலைமுத்து என்றால் திண்டுக்கல் கடைவீதியில் தெரியாதவர் இல்லை. துணி காட்டுகிறவனாகச் சேர்ந்து, அதே கடையில் மேனேஜர் ஆனவன். அப்போதெல்லாம் மெத்தை விரித்து உட்கார்ந்துதான் துணி காட்டுவோம். முதலாளி கண்ணாடி மேசை போட்டபோது, இனி வேலையாட்கள் யாரும் உட்காரக் கூடாது என்று யோசனை சொன்னதே நான்தான். நத்தத்திலிருந்து கல்யாணத்துக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் நிற்கும்போது நாம் உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்?

சேலைப் பகுதியில் செபாஸ்தியம்மாள் இருந்தார். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள் மட்டும். கைராசிக்காரி. வெறுமனே விலை கேட்க வந்தவளைக்கூட இரண்டு சேலை எடுக்க வைத்துவிடுவார். அவரிடம் எனக்கிருந்த ஒரே குறை, வாய் திறந்து கேட்பார் என்பதுதான்.

"மேனேஜரய்யா, ஒரு ஸ்டூல் போடுங்க. ஆளு வராதப்ப செத்த நேரம் உக்காந்துக்கிறேன்."

"ஒனக்குப் போட்டா அம்புட்டுப் பேரும் கேப்பாகம்மா" என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்து ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டார். ஞாயிறு கடைக்கு விடுமுறை. சட்டம் அப்படி. நாங்களும் கதவைப் பூட்டித்தான் வைத்தோம். ஆட்கள் உள்ளே இருந்து துணிப் பேல்களைப் பிரிப்பார்கள், துணி மடிப்பார்கள், விலைச்சீட்டு ஒட்டுவார்கள். அதற்குத் தனிக்கூலி கிடையாது. மதியம் புளிச்சோற்றுப் பொட்டலம் உண்டு. பூட்டு வெளியே தொங்கும், சாவி என் இடுப்பில் இருக்கும். கடைக்கு வேறு வாசல் கிடையாது. ஜன்னல்களையும் சாத்திவிடுவோம்.

லேபர் ஆபீசர் சில சமயம் வந்து கதவை ஆட்டிப் பார்ப்பார். அதற்காக ஆட்களைப் பழக்கியிருந்தேன். வெளியே யார் தட்டினாலும் உள்ளே மூச்சுச் சத்தம் கேட்கக் கூடாது. உயிர் போகிற அவசரமென்றால் மட்டும் துணி அளக்கிற இரும்புக் கஜக்கோலால் தாழ்ப்பாளில் தட்டலாம். மீட்டர் அளவு வந்த பிறகு அந்தக் கோலுக்கு வேறு வேலையும் இல்லை.

செபாஸ்தியம்மாளுக்குப் புதுத்துணியின் கஞ்சித்தூசி ஒத்துக்கொள்ளாது. மூச்சு இழுப்பு வந்துவிடும். "காலையில மாதா கோயில் பூசைக்குத்தான் விடல. ஜன்னலையாவது தெறந்து வைங்கய்யா" என்றார். தெருவுக்குத் தெரியும் என்றேன். "அடுத்த தடவ ஆபீசர் வரட்டும், உள்ள இருந்து நானே கத்திச் சொல்லிப்புடுறேன்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. அதை மறைக்கவில்லை.

போன ஞாயிறு ஆபீசர் வந்தார். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, பழனி பஸ் வரும்வரை எதிரே காப்பிக்கடையில் உட்கார்ந்தார். ஒரு மரியாதைக்கு நானும் பக்கத்தில் உட்கார்ந்து காப்பியும் வடையும் சொன்னேன். அப்போது கஜக்கோல் சத்தம் கேட்டது.

"என்னய்யா அது?" என்றார்.

"பழைய கட்டடம் சார். பெருச்சாளி."

பெருச்சாளி இரும்பைத் தட்டுமா என்று அவர் கேட்கவில்லை. வடை சூடாக இருந்தது. மறுபடியும் தட்டினார்கள். நான் இன்னொரு காப்பி சொன்னேன். பஸ் வருவதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

அவர் போன பிறகாவது திறந்திருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. சத்தம் நின்றதால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அன்று வீட்டில் கறி. சாப்பிட்டுப் படுத்து எழுந்து, வழக்கம்போலப் பொழுது சாய்ந்துதான் திறந்தேன். செபாஸ்தியம்மாள் உடம்பு அதற்குள் சில்லிட்டுப் போயிருந்தது.

இருமல் வெளியே கேட்டுவிடும் என்று வேட்டிப் பகுதிக் காத்தமுத்துதான் அந்த அம்மாள் வாயில் துண்டை வைத்து அமுக்கினான் என்று அவனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். முதலில் தட்டியதும் அவன்தான். தட்டியும் யாரும் வராததால், ஆபீசர் இன்னும் போகவில்லை என்று நினைத்திருக்கிறான். நான் பழக்கினபடி செய்திருக்கிறான், அவ்வளவுதான். அவனை விட்டுவிடுங்கள். தீபாவளி நெருங்குகிறது, அவன் இல்லாமல் வேட்டிப் பகுதி ஓடாது. அதைச் சொல்லத்தான் நானாகவே வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். தட்டியது எதற்கென்று எனக்குத் தெரியும். யாருக்காக என்றும் தெரியும். கதவு திறந்தால் அந்த அம்மாள் சொல்லிவிடுவார் என்றுதான் திறக்கவில்லை. சத்தம் நின்றபோது மனசுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவரைத் தரையில் கிடத்த நான் விடவில்லை. முதலாளியின் நாற்காலியை நானே எடுத்துவந்து, அதில் உட்கார வைத்துத்தான் வீட்டுக்குத் தூக்கிப் போகச் சொன்னேன். எங்கள் கடையில் அவரை உட்காரவே விடவில்லை என்று அந்த மகள் இனிச் சொல்ல முடியாது.