தொவான் பிரபுவின் கல்லறையில் கிடைத்த எலும்புகள் குறித்து

பெயர் ஹுவின் தி லாய். வயது 74. கணவர் இறந்துவிட்டார். கோ கோங் நகரில் தொவான் பிரபு கல்லறைக்குப் பின்னால் உள்ள குடிசையில் வசிக்கிறேன். கல்லறையைப் பெருக்கி ஊதுபத்தி ஏற்றுவது என் வேலை. இந்த வாக்குமூலம் கொடுக்க யாரும் என்னை இழுத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன்.

1968 மழைக்காலத்தில் என் ஒரே மகன் லுவான், வயது 22, பழைய அரசின் படையிலிருந்து ஓடி வந்தான். அதன் பிறகு அவனைக் கல்லறைக்குள் ஒளித்து வைத்தேன். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே திருடர்கள் பின்பக்கம் துளை போட்டு நகையை எடுத்துக்கொண்டு, பிரபுவின் எலும்புகளை வாய்க்காலில் கொட்டிவிட்டார்கள். சொன்னால் வேலை போய்விடும் என்று நானும் என் கணவரும் துளையைக் கல்லால் மூடிவிட்டு வாயைத் திறக்கவில்லை. அந்தத் துளை வழியாகத்தான் லுவானை உள்ளே விட்டேன்.

அவனை ஒளித்து வைத்த பத்தாம் நாள் அதே படையின் சிப்பாய்கள் வந்தார்கள். வயலெல்லாம் வெள்ளம், மேடாக இருந்தது கல்லறை மட்டும்தான். அங்கேயே தங்கி, துப்பாக்கி வைக்க மணல்மூட்டைகளை அடுக்கினார்கள். அடுக்கியது சரியாக அந்தக் கல்லின் மேல். அவனுக்குக் காற்று வந்த ஒரே வழி அந்தக் கல்லின் இடுக்குதான்.

தினமும் ஊதுபத்தியோடு போய்ச் சுவரில் நெற்றியை வைத்து, பிரபுவைக் கும்பிடுவதுபோல், "பொறுத்துக்கங்கய்யா, போயிருவாங்க" என்று உரக்கச் சொல்வேன். உள்ளே மூன்று தட்டு கேட்கும்.

அவர்களின் தலைவன் சிரித்தான். "ஏம்மா, உங்க பிரபுவுக்குக் காது செவிடா? இந்தக் கத்து கத்துறீங்க?"

"நூத்தம்பது வருஷமாப் படுத்திருக்காரு தம்பி, கத்தினாத்தான் கேக்கும்" என்றேன். அவன் ஒரு டின் இறைச்சி கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஒரு தட்டுதான் கேட்டது. நான்காம் நாள் ஒன்றும் இல்லை. மூட்டையை நகர்த்தச் சொல்ல ஒரு வார்த்தை போதும். சொன்னால் அவனைப் பிடித்துச் சுட்டுவிடுவார்கள் என்று பயந்து சொல்லவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் பாட் என்பவரின் மகனும் அப்படி ஓடி வந்து பிடிபட்டவன்தான். அவனைச் சுடவில்லை, சுமை தூக்க வைத்தார்கள். இப்போது சைக்கிள் கடை வைத்திருக்கிறான்.

ஐந்தாம் நாள் அவர்கள் போன பிறகு திறந்தேன். சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான். வெளியே எடுத்தால் கேள்வி வரும் என்று மறுபடியும் கல்லை வைத்துச் சுண்ணாம்பு பூசினேன். அதன் பிறகு இருபத்து மூன்று வருடம் அவனுக்குத்தான் ஊதுபத்தி ஏற்றினேன். பிரபுவின் வம்சத்தார் என் விசுவாசத்தைப் பார்த்துக் கண் கலங்குவார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

போன மாதம் பழுது பார்க்கத் திறந்தபோது எலும்புகளைக் கண்டு பிரபுவுடையவை என்று முடிவு செய்துவிட்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை மேளத்தோடு மறுபடி அடக்கம் செய்யப் போகிறார்கள். வலது கையைப் பாருங்கள், ஆள்காட்டி விரலில் இரண்டு கணு இருக்காது. படைக்கு எடுக்கக்கூடாது என்று அவனே வெட்டிக்கொண்டது. அப்படியும் விடாமல் எடுத்துக்கொண்டார்கள்.

இதை எழுதும் அதிகாரி, "பேசாம இருந்தா உங்க பிள்ளைக்கு ராஜ மரியாதை கிடைக்குமே, பெரியம்மா" என்றார்.

"பேசாம இருந்துதான் தம்பி அவனைக் கொன்னேன்" என்றேன். அதையும் எழுதச் சொன்னேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். எல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கிறது, ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம்.

இடது பெருவிரல் ரேகை: ஹுவின் தி லாய், லுவானின் தாய்.