ஈஜிபுராவில் கலக்கிய நாற்பது லிட்டர் கடல்

என் பெயர் கிளெமென்ட், வயது 64, தகப்பனார் பெயர் காலஞ்சென்ற ஞானப்பிரகாசம், பெங்களூரு ஈஜிபுரா ஆறாவது கிராஸில் வாடகை வீட்டில் தனியாக வசிக்கிறேன். கோலார் தங்கவயலில் பூமியின் அடிவயிறு வரை இறங்கி, எமனிடம் பீடிக்கு நெருப்பு வாங்கிக்கொண்டு ஏறி வந்தவன். இந்த வரியை அடித்துவிடும்படி சப்-இன்ஸ்பெக்டர் ராதா மேடம் சொன்னார்; அடிக்க மனம் வரவில்லை. இதற்குக் கீழே உள்ளதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. கன்னடம் பேசுவேன், எழுத வராது, ஆகையால் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தருகிறேன்.

என் தங்கை மகன் சித்தார்த் ஆடுகோடியில் சிறிய ஆய்வுக்கூடம் வைத்து, கடல்நீரில் மின்சாரம் செலுத்தி ஹைட்ரஜன் பிரிக்கும் வேலை செய்து வந்தான். அதற்கான வினையூக்கியை நிக்கல் வலையில் பூசுவான். அந்தப் பூச்சு எத்தனை நாள் தாங்கும் என்பதே சோதனை. மாதம் ஒருமுறை ரயிலில் சென்னைக்குப் போய் இருபது லிட்டர் கேன் இரண்டில் கடல்நீர் கொண்டு வருவது என் பொறுப்பு. "கேன்ல கொண்டாந்தீங்களா மாமா, இல்ல கடலையே ஆட்டோல ஏத்திட்டீங்களா?" என்று கேட்பான்.

கடந்த மார்ச் 11ஆம் தேதி நான் கிளம்ப இருந்தபோது, டயாலிசிஸ் முடிந்து வந்த என் மனைவி ஸ்டெல்லாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. சொன்னால் சித்தார்த் வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவான் என்று சொல்லவில்லை. அதன் பிறகு கடையில் பாக்கெட் உப்பு வாங்கி, லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் நிறுத்து, குடிக்கிற கேன் தண்ணீரில் கரைத்து நிரப்பினேன். தங்கவயல்காரனுக்குக் கடல் என்றால் உப்பும் தண்ணீரும்தான். ஸ்டெல்லா படுத்தபடியே விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "கடலு இவ்ளோ கரிக்குமா?" என்றாள். அவள் கடல் பார்த்ததில்லை. உப்பும் அவளுக்கு ஆகாது. இதற்கு மேலும் கரிக்கும் என்றேன்.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் அப்படியே செய்தேன். மே 29ஆம் தேதி அவள் இறந்தாள்.

அதன் பிறகு, பூச்சு தொண்ணூறு நாள் தாங்கியதென்று சித்தார்த் என்னைத் தூக்கிச் சுற்றினான். அந்த முடிவை நம்பிப் பூச்சை வாங்கிய கம்பெனி அதை நிஜக் கடல்நீரில் இறக்க, ஒன்பதாம் நாள் வலை முழுக்கச் சுண்ணாம்பு அப்பியது போல் வெள்ளை படிந்து ஹைட்ரஜன் வருவது நின்றுபோனது. பொய்க் கணக்குக் காட்டினான் என்று புகார் கொடுத்து, நேற்று முன்தினம் அவனைக் கைது செய்தார்கள்.

ஸ்டேஷனில் அவன் என்னிடம், "கடல்ல மக்னீசியம், கால்சியம்லாம் இருக்கு மாமா, அதான் படியும். நம்ம தண்ணில மட்டும் ஏன் படியல?" என்றான். நடந்ததைச் சொன்னேன். "என்னைக் காப்பாத்த இப்படி ஒரு கதையா? போங்க மாமா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மே மாதம் கலக்கியதில் கொடுக்காத ஒரு கேன் ஸ்டெல்லாவின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதை சீல் வைத்து எடுத்துப் பரிசோதிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அதில் உப்பைத் தவிர ஒன்றும் இராது.

இதுவரை வாழ்நாளில் நான் சொன்ன எதையும் நம்ப வேண்டாம். இதை மட்டும் உண்மையென்று ஏற்கவும். படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) ஞா. கிளெமென்ட்