வாக்கியத்தின் வால்

இந்த அறையில் மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றுகிறது. எங்கள் அலுவலகத்தில் என் தலைக்கு மேலே இருப்பது கடகடவென்று ஆடும். எப்போது கழன்று விழுமோ என்று ஒரு கண்ணை மேலே வைத்துக்கொண்டுதான் வேலை செய்வேன். இங்கே நிம்மதியாகப் பேசலாம். நீங்களும் நடுவில் குறுக்கிடுவதில்லை. நல்ல பழக்கம், சார்.

உங்கள் விசாரணை அறிக்கையில் 'மென்பொருள் பிழை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தையை மாற்றச் சொல்லத்தான் வந்தேன். நான் எழுதியதில் பிழை கிடையாது. இல்லாத பிழையைப் பிடிக்கவில்லை என்று ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள். அது நியாயமில்லை.

வீடுகளுக்குக் குழாய் வழியாக கேஸ் கொடுக்கும் நிறுவனத்துக்குப் புகார் செய்யும் ஆப் ஒன்றை நாங்கள் செய்து கொடுத்திருக்கிறோம். கோளாறு என்றால் ஜனங்கள் போனில் தட்டிவிடுவார்கள். அது எங்கள் கணினிக்கு வந்து, பழுது பார்க்கும் ஆட்களின் போனுக்குப் போகும். அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அவர்களில் மூத்தவரை எல்லாரும் ஸ்பேனர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அவருக்கு ஸ்பேனர் இருக்கும்.

ஒரு நாள் அவர் எங்கள் மேனேஜரிடம் வந்து பொரிந்து தள்ளினார். "போய்ப் பார்த்தா ஒண்ணுமே இல்ல சார். ஒரு வீட்ல குப்பைக்கூடை நாறுது. இன்னொரு வீட்ல பக்கத்து வீட்டு பெயிண்ட். எல்லாருமே 'வாடை வர்ற மாதிரி இருக்கு'ன்னு போடுறாங்க. மாதிரின்னா என்ன சார்? இருக்கா, இல்லையா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். "இந்த 'மாதிரி' ஆசாமிங்கள எல்லாம் வடிகட்ட முடியுமா?"

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. தமிழில் ஒரு வசதி உண்டு. ஆள் என்னதான் சுற்றி வளைத்தாலும் சங்கதி வாக்கியத்தின் வாலில் வந்து நின்றுவிடும். வருது, வரல, வருதாம், வர்ற மாதிரி இருக்கு. தலையையும் உடம்பையும் படிக்கவே வேண்டாம், வாலைப் பார்த்தால் போதும்.

ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் இதற்கு ஒரே வரி. ரெஜெக்ஸ் என்போம், எழுத்துகள் எந்த வடிவத்தில் வருகின்றன என்று பார்க்கும் சூத்திரம். 'இப்படி முடிவதைப் பிடி' என்று எழுதுவது சுலபம். 'இப்படி முடியாததை மட்டும் பிடி' என்பதில்தான் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். ஆரம்பத்திலேயே நிறுத்தி, கடைசிவரை எட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

/^(?!.*மாதிரி இருக்கு$).*$/

அடைப்புக்குள் கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியும் சேர்ந்து வந்தால், அடுத்து வருவது இருக்கக் கூடாது என்று பொருள். டாலர் குறி என்றால் வரியின் முடிவு. 'மாதிரி இருக்கு' என்று முடியும் புகார் எதுவும் ஸ்பேனர் அண்ணனுக்குப் போகாது. என் திரையின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நாங்கள் எழுதியதைச் சோதித்துப் பார்க்கும் பெண்ணுக்கு அலுவலகத்தில் 'சந்தேகம்' என்றே பெயர். நான் சொன்னேனே, அந்தப் பெண்தான். அரை நாள் உட்கார்ந்து நோண்டினாள். "கடைசியில ஒரு புள்ளி வெச்சா தப்பிச்சுப் போயிடுதுண்ணா," என்றாள். புள்ளியையும் காலி இடத்தையும் வெட்டிவிட்டுப் பார்க்கும்படி திருத்தினேன். அப்புறமும் அவள் நகரவில்லை.

"எங்கம்மா வீடே பத்தி எரிஞ்சாலும் எரியுற மாதிரி இருக்குன்னுதான் சொல்லும். நிஜமாவே கசிஞ்சா என்னண்ணா பண்றது?"

"நிஜமா கசிஞ்சா நிஜமா எழுதுவாங்க."

"சோதனைக்குக் குடுத்த வாக்கியமெல்லாம் யாருண்ணா எழுதினது? எல்லாம் ஒரே ஆள் பேசுறது போலவே இருக்கு."

ஒரே ஆள்தான். அந்த மாதிரி வாக்கியங்கள் எல்லாம் என் மனைவி பேசியவை. தலை வலிக்கிற மாதிரி இருக்கு. யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கு. நீங்க என்கிட்ட பேசியே ரொம்ப நாள் ஆன மாதிரி இருக்கு. கல்யாணமான புதிதில் அது அழகாகத்தான் இருந்தது. போகப் போக, அந்த வாலைக் கேட்டதும் என் காது தானாக மூடிக்கொள்ளப் பழகிவிட்டது. நான் கெட்டவன் இல்லை, சார். அடித்ததில்லை, திட்டியதில்லை. எதையும் உறுதியாகச் சொன்னால் கேட்பேன் என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். "உறுதியா சொன்னா நீங்க கோவிச்சுப்பீங்க," என்று சிரிப்பாள்.

அன்று காலை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். "சமையலறையில வாடை வர்ற மாதிரி இருக்குங்க."

"ஆப்ல போடு. ஆள் வந்து கதவைத் தட்டுவாங்க, திறக்கணும். வீட்டை விட்டு எங்கயும் போயிடாத."

"சரிங்க."

'வாடை வர்ற மாதிரி இருக்கு' என்று போட்டாள். சாம்பல் நிறத்தில் வந்து உட்கார்ந்தது. எங்கள் வீட்டு முகவரியை அந்த நிறத்தில் பார்ப்பது புதிதாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. வாடை கூடின மாதிரி இருக்கு. விதி எல்லாருக்கும் ஒன்றுதான், என் வீட்டுக்கென்று தனியாக வளைக்க முடியாது. ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்து தலையாட்டினேன். திரும்பி வந்தபோது மூன்றாவதும் வந்திருந்தது. மயக்கமா வருது, யாரும் இன்னும் வராத மாதிரி இருக்கு.

இந்த மூன்றையும் நீங்கள் எங்கள் கணினியிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டு என்மேல் பரிதாபப்பட்டீர்கள். என் மாமனாரும் அப்படித்தான். சுடுகாட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மெஷின் பண்ணதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க மாப்பிள்ளை," என்று குழந்தை போல அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. மரத்துப்போய் நின்றேன். இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. கையைக் கிள்ளினால்கூட வேறு யாரையோ கிள்ளுவது போல இருக்கிறது.

அந்த வாரத் தொடக்கத்தில் ஒன்று நடந்தது. இரவுச் சாப்பாடு முடிந்து தட்டை எடுக்கும்போது அவள் சொன்னாள். "நான் அப்பா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர மாட்டேன்." சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். குரலில் நடுக்கம்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம். நான் கோபித்துக்கொள்ளவில்லை. சரி என்று சொல்லிவிட்டுக் கை கழுவினேன். ஆனால் வலித்தது. அப்படி வலிக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. சனிக்கிழமை கிளம்புவதாகப் பெட்டியை எடுத்து வைத்திருந்தாள். வாடை வருகிறது என்று அவள் போன் செய்தது வெள்ளிக்கிழமை.

நான்காவதாக ஒரு புகார் வந்தது, சார். தடுக்கப்பட்டவற்றை மட்டும்தான் நீங்கள் கேட்டு வாங்கினீர்கள். இது தடுக்கப்படவில்லை. 'கேஸ் கசியுது. உடனே வாங்க.' சூத்திரம் வாலை எட்டிப் பார்த்தது, சரியாக இருந்தது, உள்ளே விட்டது. நேராக ஸ்பேனர் அண்ணன் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். தம்பி தெரியாமல் செய்துவிட்டான், இதைச் சொன்னால் உயிரை விட்டுவிடுவான் என்று எனக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார். என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறார். முகவரியைப் பார்த்ததும் அன்று என்னைத்தான் கூப்பிட்டார்.

"தம்பி, இது உங்க வீடாச்சே. நான் ரெண்டு தெரு தள்ளிதான் இருக்கேன். உடனே போயிடவா?"

"வேண்டாம்ணே," என்றேன். "சோதனைக்காக நான்தான் போட்டேன்."

"நல்லவேளை, பயந்தே போயிட்டேன்," என்று சிரித்துவிட்டு வைத்தார். தீப்பிடித்தது அதற்கு ரொம்ப நேரம் கழித்துத்தான். அதுவரைக்கும் போன் என் கையில்தான் இருந்தது.